கருந்தேளின் பாட்டு

கருந்தேளைக் கண்டால் காறித் துப்ப வேண்டும் என்று வேம்பங்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்தின நாள் சாயங்காலம் சந்தைத் திடல் மல்யுத்த மேடையில் அவள் செய்த அநியாயத்தை ஊரே கண்ணால் பார்த்தது. நடுவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, மல்லாந்து கிடந்த ராணித்தேனீயின் மேல், கயிற்றில் ஏறி நின்று முழங்காலை மடக்கிக் குதித்தாள் பாதகத்தி. ராணித்தேனீயா விடுவாள்? எழுந்தாள், திருப்பிக் கொடுத்தாள், ஜெயித்தாள், நாலு பக்கமும் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு இறங்கித் திரைக்குப் பின்னால் போனவள் அங்கேயே மடங்கி விழுந்தாள். மேடையில் விழுந்தால் எழுந்துவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். திரைக்குப் பின்னால் விழுந்ததுதான் ஊரைக் கலக்கிவிட்டது.

மறுநாள் காலையில் அந்தக் கருந்தேள் ஆஸ்பத்திரி மாடி வராந்தாவில், துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு, நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மா அப்பா வைத்த பெயர் மேகலா. உள்ளே கட்டிலில் கிடந்த ராணித்தேனீக்கு வீட்டில் ஷர்மிளா. இரண்டு பேரும் எத்தனையோ வருஷமாக ஒரே லாட்ஜ் அறையில் தங்கி, ஒரே சீப்பில் தலைவாரி, ஒரே தட்டில் பரோட்டா பிய்த்துத் தின்கிறவர்கள். இதை வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லவும் கூடாது. விரோதிகள் இரண்டு பேர் சேர்ந்து டீ குடிப்பதை ஒரு ரசிகன் பார்த்தாலும் ஆட்டம் செத்துப்போகும் என்பது ஆட்டம் நடத்துகிற கம்பெனியின் முதல் சட்டம்.

கீழே தெருவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ராணித்தேனீ மேடைக்கு வரும்போது போடுகிற என்ட்ரிப் பாட்டு. முதலில் தேனீக் கூட்டம் போல நாதஸ்வரம் அடித்தொண்டையில் ரீங்கரிக்கும். அது ஏறி ஏறி வந்து, இனித் தாங்காது என்கிற இடத்தில் தவிலும் உறுமியும் ஒன்றாக இடி இறக்கும். அந்த இடியில்தான் மஞ்சள் புகைக்குள்ளிருந்து அவள் வெளிப்படுவாள். தமிழ்நாட்டில் அந்தப் பாட்டு ஒலிக்காத கல்யாண மண்டபம் கிடையாது, காதுகுத்து கிடையாது. இப்போது ஆஸ்பத்திரி வாசலில், ஒரு குட்டியானை வண்டியின் முதுகில் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கி, ஃப்ளெக்ஸ் கடை சோணை அதைத்தான் விடிந்ததிலிருந்து திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். ராணித்தேனீ பேரவையின் தலைவன் அவன். பாட்டைக் கேட்டால் அக்கா தெம்பாக எழுந்துவிடும் என்று சத்தியமாக நம்பினான். அவனோடு நின்ற இருநூறு பேரும் நம்பினார்கள். சிலர் மண்சோறு சாப்பிட்டார்கள்.

டாக்டர் நஸ்ரின் வெளியே வந்தாள். சின்ன வயசுதான், ஆனால் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"சொந்தம்" என்றாள் மேகலா.

"பயப்படாதீங்க. ஸ்கேன்ல பெரிசா ஒண்ணும் தெரியல. இடது பக்கம் விலாவுல அடி. அதுக்குள்ள மண்ணீரல் இருக்கு. அது சில நேரம் உடனே உடையாது. கீறல் விட்டு, உள்ளயே ரத்தம் கட்டி நிக்கும். அப்புறம் மறுநாளோ அதுக்கு மறுநாளோ திடீர்னு உடையும். உடைஞ்சா நேரமே கிடைக்காது. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு அடையாளம் காட்டும். கசிய ஆரம்பிச்சதும் இடது தோள்பட்டை வலிக்கும். அடி பட்டது வயித்துல, வலி தோள்ல. அது வந்துட்டா நான் உடனே திறந்துடுவேன், சர்ஜன் கீழதான் இருக்கார். இவங்க வலியே இல்லைங்கறாங்க. சாயங்காலம் அனுப்பிடலாம்."

மேகலா எழுந்து நின்றாள்.

"வலிக்காது டாக்டர். உடைஞ்சாலும் வலிக்காது."

"என்ன சொல்றீங்க?"

மேகலா முக்காட்டை எடுத்தாள். டாக்டர் ஒரு அடி பின்னால் போனாள். நேற்று அவளும் டி.வி. பார்த்திருப்பாள் போல.

"நீங்கதானே அந்த..."

"நான்தான். குதிச்சது நான்தான். ஆனா அது குதிக்கிற மாதிரி குதிக்கிறது டாக்டர். நாங்க ஒருத்தருக்கொருத்தர் உசுரக் கையில குடுத்துத்தான் ஆடுறோம். நேத்து அவ அரையடி தள்ளிப் படுத்துட்டா. நான் அந்தரத்துல இருக்கேன், என்னத்தப் பண்ணுவேன்? என் முழங்காலுக்குக் கீழ என்னமோ நெறிஞ்சுச்சு. எனக்குத் தெரியும்."

"அப்போ அவங்க துடிச்சிருக்கணுமே?"

"அதத்தான் சொல்ல வாரேன்."

மேகலா தன் வலது காதுக்குப் பின்னால் மயிரை விலக்கிக் காட்டினாள். தோலுக்கடியில் மிளகு அளவுக்கு ஒரு முண்டு இருந்தது. மல்லர்கள் அதை மிளகு என்றுதான் சொல்வார்கள்.

டாக்டரின் முகம் மாறியது. விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது... இது கடைசிக் கட்டத்துல இருக்கிற கேன்சர் பேஷண்டுக்கு வைக்கிறது. அவங்களுக்குப் பிடிச்ச ஒரு பாட்டைப் பழக்கி வச்சா, அந்தப் பாட்டு கேட்கிறப்ப வலி போற வழியை அது அடைச்சிரும். நல்ல உடம்புல வைக்க சட்டமே இல்லையே!"

"கம்பெனிக்குச் சட்டமெல்லாம் வேற டாக்டர். ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்க எல்லாருக்கும் வச்சாய்ங்க. அவங்கவங்க என்ட்ரிப் பாட்டுதான் சாவி. எம்பாட்டு போட்டா எனக்கு அடைக்கும், அவ பாட்டு போட்டா அவளுக்கு. பாட்டு நின்னாலும் அரை மணி நேரம் தாங்கும். ஆட்டத்துக்கு அது போதும்னு கணக்கு."

"காதைப் பஞ்சு வச்சு அடைச்சா?"

"எலும்பு வழியாக் கேட்டுக்கும். அந்தத் தவில் சத்தம் சுவத்துலயே அதிருது பாருங்க."

டாக்டர் சுவரில் கை வைத்துப் பார்த்தாள். அதிர்ந்தது.

"மறுபடி ஸ்கேன் எடுக்கறேன். ஆனா எங்க மெஷின்ல சின்னக் கீறல் தெரியாது. மதுரைக்கு அனுப்பலாம்னா ரோடு இருக்கிற லட்சணத்துல வழியிலயே உடைஞ்சிரும். சந்தேகத்துக்காக ஒரு ஆளைக் கிழிக்கவும் முடியாது. எனக்கு இப்ப வேண்டியது மருந்து இல்ல, அவங்க வலிதான். அந்தப் பாட்டை முதல்ல நிறுத்தணும்."

ஆட்டத்தில் கைப்பேச்சு என்று ஒன்று உண்டு. எதிராளியின் கையை முறுக்குகிற மாதிரி பிடிக்கும்போது உள்ளங்கையை அமுக்கிக் கேட்பார்கள். பதிலுக்கு ஒரு தரம் அமுக்கினால் நல்லாயிருக்கேன், நடத்து என்று பொருள். இரண்டு தரம் அமுக்கினால் வலிக்கிறது, நிறுத்து. மேடையில் எல்லாமே பொய். அடி பொய், கோபம் பொய், வெற்றி பொய். கைப்பேச்சு மட்டும் பொய் சொல்லக் கூடாது. நேற்று முழங்காலுக்குக் கீழே நெறிந்ததும் மேகலா பதறிப்போய், ஷர்மியின் மேல் கவிழ்ந்து படுத்து, கூந்தலுக்குள் மறைத்துக் கையை அமுக்கிக் கேட்டாள். ஷர்மி ஒரு தரம்தான் அமுக்கினாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கே தெரியவில்லை, பாவம்.

மேகலா உள்ளே போனாள். ஷர்மி தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து, தவில் சத்தத்துக்கு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"வாடி கொலைகாரி. பாத்தியா கூட்டத்த? ஜன்னல்ல நின்னு ஒரு கையாட்டு ஆட்டுனேன், ஒருத்தன் மயங்கியே விழுந்துட்டான்."

"ஷர்மி, நீயே சொல்லு அவய்ங்கள்ட்ட. பாட்ட நிப்பாட்டச் சொல்லு."

ஷர்மியின் விரல் நின்றது. மேகலா எல்லாவற்றையும் சொன்னாள். மண்ணீரல், தோள்பட்டை, டாக்டர் சொன்னது, தன் முழங்கால் சொன்னது. ஷர்மி கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. வலிச்சா சொல்ல மாட்டேனா?"

"பாட்டு ஓடுறப்ப எப்படிடி வலிக்கும்? கூமுட்ட!"

"நிப்பாட்டச் சொல்லாத மேகலா." குரல் இறங்கிவிட்டது. "எனக்குப் பயமா இருக்கு. போன தீவாளிக்கு எங்க தெருவுல கரண்டு போச்சு. செல்லுலயும் சார்ஜ் இல்ல. ஒரு தெருவுலயும் ஒரு வீட்டுலயும் எம்பாட்டு இல்ல. ஆறு வருஷமா விழுந்த ஒவ்வொரு விழுகையும் திரும்பி வந்து ஏறுச்சுடி. கழுத்து, இடுப்பு, முட்டி. எந்த ஊர்ல எந்த மேடையில விழுந்தேன்னு ஒண்ணொண்ணாச் சொல்லிச்சு உடம்பு. கரண்டு வந்தப்ப நான் தரையில நாய் மாதிரி சுருண்டு கெடந்தேன். அதுக்கப்புறம் நான் பாட்டில்லாம தூங்குனதே இல்ல."

மேகலாவுக்கு அது தெரியாது. ஒரே அறையில் தங்கியும் தெரியாது. ஷர்மி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்குவதைப் பெருமை என்று நினைத்திருந்தாள்.

"ஒரு மணி நேரம்டி. நான் கூட இருக்கேன்ல?"

"உனக்கென்ன! உம்பாட்ட எவனாச்சும் வீட்டுல போடுறானா? ரிங்டோனா வச்சிருக்கானா? எம்பாட்டு ஊரெல்லாம் கேக்குதேன்னு உனக்கு வயித்தெரிச்சல். அதான் நிப்பாட்டணும்ங்குற."

சொல்லிவிட்டு ஷர்மியே உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். அதில் பாதி உண்மையும் இருந்தது. கருந்தேளின் பாட்டை யாரும் எங்கும் போட்டதில்லை. கல்லில் அரிவாள் தீட்டுகிற மாதிரி ஒரு கரகரப்பு, நடுநடுவே ஒற்றைப் பறையடி, அவ்வளவுதான். அதைக் கேட்டால் பிள்ளைகள் காதைப் பொத்தும். அதனால் மேகலாவின் உடம்பு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாளே வட்டியோடு கேட்டு வாங்கிவிடும். வலிக்கிற இடத்தில் எண்ணெய் போடுவாள், ஒத்தடம் கொடுப்பாள், ஒரு வாரம் ஓய்வு கேட்டு மேனேஜரிடம் சண்டை போடுவாள். ஷர்மி ஒருநாளும் ஓய்வு கேட்டதில்லை. ஜனங்களின் அன்பு அவளைக் கேட்கவிடவில்லை. எத்தனை ராத்திரி அந்த அன்பைப் பார்த்து மேகலா பொறாமைப்பட்டிருக்கிறாள்!

"சரி, எரிச்சல்தான். எரிச்சல்னே வச்சுக்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

டாக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். ஏட்டு வந்தார். வந்தவர் குட்டியானை முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, "பிரார்த்தனைய எப்படிம்மா தடுக்கிறது? மனசு புண்படும்ல?" என்றார். மேகலா மேனேஜர் தியாகுவுக்குப் போன் போட்டாள். அவன் மெதுவாகத்தான் பேசினான்.

"மிளகப் பத்தி டாக்டர்ட்ட வாயத் தொறந்தியா? தொறந்திருந்தா மூடிக்க. ஆஸ்பத்திரி வாசல் கூட்டம் நேரலையில போயிட்டிருக்கு, நாற்பது லட்சம் பேரு பாக்குறான். பாட்டு நிக்கக் கூடாது."

அவள் போனை அணைத்தாள். படியிறங்கினாள். வாசலில் அவள் தலை தெரிந்ததும் கூட்டம் "ஏஏஏய்" என்று ஊளையிட்டது. பழக்கமான சத்தம்தான். ஆனால் மேடையில் கயிறு இருக்கும், காவலுக்கு ஆள் இருக்கும். இங்கே ஒன்றுமில்லை.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயா, அண்ணே, உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன். பாட்ட நிப்பாட்டுங்க. நாங்க விரோதி இல்ல, கூட்டாளிங்க. எல்லாம் சும்மா ஆட்டம். அவ காதுல ஒரு மிசினு இருக்கு. உங்க பாட்டு அவ வலிய மறைக்குது. வலி தெரிஞ்சாத்தான் டாக்டர் காப்பாத்த முடியும். அவ செத்துப் போயிருவாண்ணே!"

சோணை கைகொட்டிச் சிரித்தான்.

"பாருங்கடா நடிப்ப! பாட்டக் கேட்டு அக்கா எந்திரிச்சிருமோன்னு பயந்து நிப்பாட்டச் சொல்றா. டேய், சத்தத்தக் கூட்டுடா!"

ஒரு செருப்பு வந்து அவள் தோளில் பட்டது. தவில் இன்னும் பலமாக இடித்தது. வாழ்நாளில் முதல்தடவையாக ஜனங்களிடம் அவள் உண்மை பேசினாள், அது ஒருத்தன் காதிலும் ஏறவில்லை. இந்த ஊர் கருந்தேளைத்தான் நம்பும், மேகலாவை நம்பாது. அப்படி நம்ப வைத்ததும் அவள்தானே? பல வருஷமாகக் கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை அல்லவா அது?

நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தாள். டாக்டர் நின்றுகொண்டிருந்தாள். மேகலா துப்பட்டாவை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, உதட்டைக் கோணினாள். கூட்டத்துக்கு அந்தக் கோணல் தெரியும். முன்வரிசை ஒரு அடி பின்வாங்கியது.

"ஆமாண்டா! பயந்துதான் சொல்றேன். அவ எந்திரிச்சா மறுபடி என் காலப் புடிச்சுக் கெஞ்சுவாளே, அந்தக் கொடுமையப் பாக்க முடியாமத்தான் சொல்றேன். உங்க ராணித்தேனீ ஜெயிச்ச ஒவ்வொரு ஆட்டமும் நான் போட்ட பிச்சடா!"

கடைசியில் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றுக்கொடுத்தது அவள்தான். இதை மட்டும் எல்லோரும் உடனே நம்பினார்கள்.

வாசல் தூணில் ராணித்தேனீயின் இருபதடி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. சோணை சொந்தக் காசில், சொந்தக் கையால் அடித்தது. மேகலா அதன் நுனியைப் பிடித்து இழுத்து, முகத்துக்குக் குறுக்கே சர்ரென்று கிழித்தாள். உள்ளே எதுவோ அவளுக்கும் கிழிந்தது, ஆனால் முகத்தில் காட்டவில்லை.

"ஆம்பளையா இருந்தா ஆத்துப் பாலத்துக்கு வாங்கடா! உங்க பாட்டையும் தூக்கிட்டு வாங்க, அங்க வச்சு அதுக்குக் கருமாதி பண்றேன்!"

ஓடினாள். முழங்கால் கத்தியது, ஓடினாள். பின்னால் இருநூறு பேரும் ஓடிவந்தார்கள். குட்டியானை உறுமிக்கொண்டு திரும்பியது. நாதஸ்வர ரீங்காரம் அவளைத் துரத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது, பூக்கடை வரிசையைத் தாண்டியது. பாட்டு தன் பின்னால் வருகிறது, ஆஸ்பத்திரியை விட்டு விலகி வருகிறது என்பது ஒன்றே அவளுக்குப் போதுமாக இருந்தது. வா ராசா, இன்னும் வா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே ஓடினாள்.

பாலத்தின் நடுவில் மூச்சு முட்டி நின்றாள். முதல் கல் காதுக்குப் பின்னால் பட்டது. மண்டைக்குள் வெள்ளையாக எதுவோ வெடித்தது. அம்மா என்று கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு வலியை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"சிக்கிட்டாடா வில்லி! அவ பாட்டப் போடு, அவ பாட்டப் போடு!"

அது ஆட்டத்தின் வழக்கம். வில்லி அடிவாங்கப் போகும்போது வில்லியின் பாட்டைப் போட்டு, ஜனங்கள் நக்கலாகக் கைதட்ட வேண்டும். பெட்டிகளில் தவில் நின்றது. கல்லில் அரிவாள் தீட்டுகிற கரகரப்பு எழுந்தது. ஒற்றைப் பறை விழுந்தது.

வலி நின்றுவிட்டது. விளக்கை அணைத்த மாதிரி நின்றுவிட்டது. முதுகில், தலையில், கையில் என்னென்னவோ வந்து விழுந்தன. பக்கத்து வீட்டுக் கூரையில் மழை பெய்வது போலக் கேட்டது. மேகலா எழுந்து நின்று சிரித்தாள். அடிக்க வந்தவர்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தயங்கினார்கள். தயங்கிய நேரத்தில் ஏட்டின் ஜீப் வந்து சேர்ந்தது. அவர் கூட்டத்தை விலக்கி அவளை ஆட்டோவில் ஏற்றுகிற வரைக்கும் அந்தப் பாட்டு நிற்கவே இல்லை.

மேடைக்கு வெளியே தன் பாட்டை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. அவ்வளவு மோசமான பாட்டு இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் திரும்பி வந்தவளை நர்ஸ் பெண் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! நீங்க அந்தக் கூட்டத்த இழுத்துட்டுப் போய் முக்கா மணி நேரம் இருக்கும், அந்தக்கா அலறுச்சு பாருங்க, மூணு மாடிக்கும் கேட்டுச்சு. தோளு தோளுன்னு கத்துச்சு. டாக்டரம்மா அப்படியே தள்ளிட்டு ஓடிட்டாங்க. உள்ள ஆபரேஷன் நடக்குது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்னு சொன்னாங்க."

மேகலா ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஷர்மி அலறினாள் என்கிற செய்தி அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"காதுக்குப் பின்னாடி ரத்தம் வருதேக்கா. நல்லா வீங்கியிருக்கு. வலிக்குதா?"

"இல்லம்மா."

நர்ஸ் துடைத்துக் கட்டுப் போட்டாள். டாக்டர் வெளியே வந்ததும் பார்க்கச் சொல்கிறேன் என்றாள். மேகலா தலையாட்டினாள். தனக்கும் மிளகு வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. அரை மணியில் விட்டுவிடும், அப்போது எங்கே வலிக்கிறதோ அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். எப்போதும் அப்படித்தானே பார்த்துக்கொள்கிறாள்?

ஆனால் அரை மணி வரவே இல்லை. வில்லி ஆஸ்பத்திரிக்குள் போய் ஒளிந்துகொண்டாள் என்று கேள்விப்பட்டு, கூட்டம் குட்டியானையோடு திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை ஏட்டு கறாராக இருந்தார். டாக்டரம்மா உத்தரவு, ராணித்தேனீ பாட்டை மட்டும் போடக் கூடாது என்றார். மட்டும் என்று அவர்தான் சேர்த்துக்கொண்டார். சோணையும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். அக்கா பாட்டைப் போடவில்லை. கருந்தேள் பாட்டைப் போட்டு, ஒவ்வொரு பறையடிக்கும் இருநூறு பேரையும் தூ என்று துப்ப வைத்தான்.

மேகலா கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. ஒரு தடவை வாந்தி எடுத்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காதது, வெறும் வயிறு, அதுதான் என்று நினைத்தாள். நடுவில் எதையோ கவனிக்க வேண்டும் என்று இருந்தோமே, என்ன அது என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. கண்ணைச் சொக்கியது.

சாயங்காலம் ஷர்மியைப் பார்க்க விட்டார்கள். டாக்டர் நஸ்ரின் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சர்ஜனோடு அடுத்த அறையில் பேசிக்கொண்டிருந்தாள். மேகலா சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய், கட்டிலருகே உட்கார்ந்தாள்.

ஷர்மியின் முகம் வேர்த்துச் சுருங்கியிருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தபடி இருந்தது. மேகலாவின் கையைத் தேடிப் பிடித்தாள். அமுக்கினாள். ஒரு தரம். நிறுத்தி, இன்னொரு தரம்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த இரண்டாவது அமுக்கு வந்தது.

"வலிக்குதுடி" என்றாள் ஷர்மி. "ரொம்ப வலிக்குது. நீ ஏண்டி அப்படிப் போனே? நர்ஸ் எல்லாத்தையும் சொன்னா. காலையில நான் உன்னச் சொன்னது..."

"விடுடி."

"உனக்கு அடி பலமா?"

மேகலா பதிலுக்கு அவள் உள்ளங்கையை ஒரு தரம் அமுக்கினாள். ஷர்மி சிரிக்கப் போனாள். அப்போது வெளியே ஒற்றைப் பறை விழுந்தது. ஷர்மியின் கண் ஜன்னல் பக்கம் போயிற்று.

"அது உம்பாட்டுல்ல?"

"கேட்டியா!" மேகலாவின் நாக்கு கொஞ்சம் குழறியது. "ஊரே போடுது. எவனும் போட மாட்டான்னு சொன்னியே?"

"எப்பருந்து ஓடுது?"

"மத்தியானத்துலருந்து. இருக்கட்டும்டி. ஒரு நாளைக்காச்சும் ஓடட்டும்."

ஷர்மி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். காதுக் கட்டு நனைந்து சிவந்திருந்தது. ஒரு கண்ணின் இமை பாதியில் தொங்கியது. ஷர்மி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எம்பி, "டாக்டர்! டாக்டர்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கத்தின வலியில் சுருண்டாள். சுருண்டபடியே மேகலாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மேகலா, இங்க பாரு. தூங்காத. சரியாச் சொல்லு. அமுக்கு. ரெண்டு தரம் அமுக்குடி. ரெண்டு தரம் அமுக்கு!"

வராந்தாவில் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று மேகலாவுக்கு விளங்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதே! கைப்பேச்சில் பொய் சொல்லக் கூடாது என்று இவளுக்குத் தெரியாதா என்ன? அவள் நிதானமாகத் தன்னைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை கேட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஷர்மியின் கையை ஒரே ஒரு தரம் அமுக்கினாள்.

உண்மையிலேயே அவளுக்கு எங்கேயும் வலிக்கவில்லை.